சேலத்தில் ஐ.பி.டி. நர்ஸ் மேசை: புதிதாகப் பொறுப்பேற்கும் சிஸ்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன்ஸ் ஆகிய இரண்டு குடல் அழற்சி நோய்களையும் சேர்த்து ஐ.பி.டி. என்கிறோம். பிரிட்டனில் இந்த நோயாளிகளுக்கென்றே பயிற்சி பெற்ற நர்சுகள் இருக்கிறார்கள். இரண்டரை லட்சம் மக்களுக்கு 2.5 முழுநேர நர்சுகள் வேண்டும் என்று அங்கே தரநிலையே வகுத்திருக்கிறார்கள். நம் பக்கம் பெரும்பாலான மருத்துவமனைகளில் அப்படி ஒரு பதவியே கிடையாது. குடல் நோய்ப் பிரிவில் பொறுமையாகப் பேசும் ஒரு சிஸ்டரைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து ஐ.பி.டி. பேஷண்ட்டுகளை நீங்க பார்த்துக்கங்க" என்பார்கள், அவ்வளவுதான். தனி மேசையோ நேரமோ தர மாட்டார்கள். எது வரை நாமே செய்யலாம், எதற்கு டாக்டரைக் கேட்க வேண்டும் என்று ஒரு தாளும் இருக்காது. எனக்கும் இப்படித்தான் தொடங்கியது. தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை, இனி வருபவர்கள் அந்தப் பாடு படாமல் இருக்க இங்கே எழுதுகிறேன். உங்களை இந்த வேலைக்கு அனுப்பும் நர்சிங் கண்காணிப்பாளரும் இதைப் படித்தால் நல்லது.

டாக்டர் நோயாளியைப் பார்ப்பது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சில நிமிடங்கள். நோய் திரும்பக் கிளம்புவது அதற்கு இடைப்பட்ட நாட்களில். மாத்திரையைத் தானாக நிறுத்துவதும், முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போடுவதும் அப்போதுதான். அந்த இடைப்பட்ட நாட்கள்தான் உங்கள் பொறுப்பு. அதற்கு முதலில் வேண்டியது யாராவது எடுக்கும் ஒரு போனும், தேதி தவறாத ஒரு ரிஜிஸ்டரும். மற்றதெல்லாம் அப்புறம்.

1. எழுத்தில் வாங்காமல் தொடங்காதீர்கள்

குடல் நோய் மருத்துவரின் கையெழுத்தோடு ஒரு பக்க நெறிமுறைத் தாள் வாங்குங்கள். அதில் மூன்று பகுதி போதும். நீங்களே செய்யலாம் என்பவை: ரத்தப் பரிசோதனை நினைவூட்டுவது, எனிமா போடக் கற்றுக்கொடுப்பது, ஏற்கெனவே எழுதிய மருந்தின் அளவை விளக்குவது. டாக்டரிடம் அன்றே கேட்டுச் செய்பவை: ஸ்டெராய்டு அளவை மாற்றுவது, ஊசித் தேதியைத் தள்ளிவைப்பது. யாரையும் கேட்காமல் உடனே கேஷுவால்டிக்கு அனுப்ப வேண்டியவை: இந்தப் பட்டியலைக் கீழே நான்காவது படியில் தருகிறேன்.

இந்தத் தாள் இல்லாவிட்டால், போனில் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை நாளை உங்கள் தலையில் விடியும். வாய்மொழியாக "நீங்க பார்த்துச் சொல்லிடுங்க" என்று யார் சொன்னாலும் அதை நம்பி மருந்து அளவு சொல்லாதீர்கள்.

அதே நேரத்தில் டியூட்டிப் பட்டியலிலும் உங்கள் மணிநேரத்தை எழுதி வாங்குங்கள். வாரத்தில் இரண்டு பிற்பகல் ஐ.பி.டி. வேலைக்கு என்று பட்டியலில் இருந்தால்தான் வார்டில் ஆள் குறையும்போது உங்களை இழுக்க மாட்டார்கள். சில இடங்களில் இந்தக் கடிதம் கண்காணிப்பாளர் மேசையில் மாதக்கணக்கில் கிடக்கும். சலிக்காமல் கேளுங்கள்.

2. சொந்த நம்பரைக் கொடுக்காதீர்கள்

தனி சிம், விலை குறைந்த ஒரு போன், மருத்துவமனை செலவில். அழைக்கும் நேரத்தை நோயாளியின் ஓ.பி. நோட்டின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள், உதாரணமாக வேலை நாட்களில் மாலை 2 முதல் 4 வரை. அதே சீட்டில், மற்ற நேரத்தில் அவசரமென்றால் கேஷுவால்டி, வண்டி வேண்டுமென்றால் 108 என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் மலத்தின் படம் அனுப்புவார்கள். அது உதவியான படம்தான், ரத்தம் எவ்வளவு என்று தெரியும். ஆனால் அந்த போன் வீட்டுக்குப் போகக் கூடாது, படங்கள் வேறு எந்தக் குழுவுக்கும் போகக் கூடாது. படம் அனுப்பச் சம்மதம் என்று முதல் நாளே ஒரு கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

3. ரிஜிஸ்டரும் முதல் நாள் கோப்பும்

கம்ப்யூட்டர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். நீளமான ஒரு நோட்டு போதும். ஒரு நோயாளிக்கு ஒரு பக்கம்: பெயர், வயது, எடை, ஊர், இரண்டு போன் நம்பர் (ஒன்று வீட்டில் வேறு யாருடையதாவது), நோயின் பெயர், குடலில் எதுவரை பரவியிருக்கிறது, கடைசி ஸ்கோப் (கொலனோஸ்கோபி) தேதி, இப்போதைய மருந்துகள், அடுத்த ரத்தப் பரிசோதனை நாள், அடுத்த ஊசி நாள். கடைசி இரண்டையும் பென்சிலில் எழுதுங்கள், மாறிக்கொண்டே இருக்கும்.

கோப்பில் சேர்க்க வேண்டியவை: கொலனோஸ்கோபி அறிக்கை, பயாப்சி அறிக்கை, சி.டி. அல்லது எம்.ஆர். எடுத்திருந்தால் அதன் அறிக்கை, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, இதுவரை எந்த மருந்து எப்போது நிறுத்தப்பட்டது, ஏன் என்ற குறிப்பு. பயாப்சி அறிக்கையைத்தான் வீட்டில் தொலைத்துவிட்டு வருவார்கள். ஸ்கோப் எடுத்த இடத்தில் நகல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது இந்த ஒரு தாளுக்காகவே வேலை நின்றுபோகும்.

பல பேர் நம்மிடம் வருவதற்கு முன் மூல வைத்தியம் பார்த்துவிட்டு வருவார்கள். ரத்தம் போனாலே மூலம் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். க்ரோன்ஸ் நோயாளிகளில் சிலர் டி.பி. மருந்து சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள். குடல் டி.பி.யும் க்ரோன்ஸும் ஸ்கோப்பில் ஒன்றுபோலவே தெரிவதால் நம் நாட்டில் இது அடிக்கடி நடக்கும். "ஏன் இத்தனை நாள் வீணாச்சு" என்று அவர்கள் மனம் நொந்து கேட்கும்போது முன்பு பார்த்த டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். டி.பி. சிகிச்சை எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை நடந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள், அது ஆறாவது படியில் தேவைப்படும்.

4. போன் வந்தால் கேட்க வேண்டியவை

"வயிறு சரியில்லைங்க சிஸ்டர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதை எண்ணாக மாற்ற வேண்டியது நீங்கள். 24 மணி நேரத்தில் எத்தனை தடவை? அதில் ரத்தத்தோடு எத்தனை? ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போகிறார்களா? காய்ச்சல் உண்டா? வயிறு உப்பி இருக்கிறதா, காற்றுப் பிரிகிறதா? மாத்திரை கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள்? கடந்த இரண்டு வாரத்தில் வலி மாத்திரை, ஆன்டிபயாட்டிக், நாட்டு மருந்து ஏதாவது?

கடைசிக் கேள்வியைக் கோபமில்லாமல் கேளுங்கள். திட்டுவார்கள் என்று தெரிந்தால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் வகை வலி மாத்திரைகள் நோயைக் கிளப்பிவிடக்கூடும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் மட்டும் என்று ஓ.பி. நோட்டிலேயே எழுதிவிடுங்கள். இன்னொன்று, பேதியை நிறுத்த லோபரமைடு வாங்கிப் போடுவது. நோய் கடுமையாக இருக்கும்போது அது பெருங்குடல் வீங்கிப் பெரும் ஆபத்தில் கொண்டுபோய் விடலாம்.

உடனே அனுப்ப வேண்டியவர் யார்? 1955இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோல்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது: ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போவது, அதோடு நாடித்துடிப்பு 90க்கு மேல், காய்ச்சல் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். 30க்கு மேல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. நாடித்துடிப்பைப் போனிலேயே எண்ணச் சொல்லலாம், ஒரு நிமிடம் கூடவே இருங்கள். வயிறு உப்பிக் காற்றே பிரியாவிட்டால் மற்ற எண்களைப் பார்க்காமலே அனுப்பிவிடுங்கள். காலையில் ஓ.பி.க்கு வரச் சொல்லாதீர்கள். அன்றிரவே வர வேண்டும்.

இப்படி அட்மிட் ஆனவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி எழுதியிருப்பார்கள். ரத்தம் போகிறவருக்கா ஹெப்பாரின் என்று வார்டில் புது சிஸ்டர் தயங்குவது இயல்பு. இந்த நோய் கிளம்பியிருக்கும்போது காலிலும் நுரையீரலிலும் ரத்தம் கட்டும் ஆபத்து கூடுகிறது, அதனால்தான் அந்த ஊசி. டாக்டரிடம் உறுதிசெய்துகொண்டு போடுங்கள், விட்டுவிடாதீர்கள். மூன்றாம் நாள் ஸ்டூல் சார்ட்டும் (எத்தனை தடவை மலம் போனது என்ற கணக்கு) அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையும் பார்த்துத்தான் அடுத்த மருந்தா, அறுவை சிகிச்சையா என்று முடிவெடுப்பார்கள். அதனால் சார்ட்டில் ஒரு தடவைகூட விடுபடக் கூடாது.

5. ரத்தப் பரிசோதனைத் தேதிகள்

நோயெதிர்ப்பை அடக்கும் அசாத்தியோபிரின் மாத்திரை தொடங்கியவர்களுக்கு முதல் மாதம் வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ சி.பி.சி.யும் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) கல்லீரல் பரிசோதனையும். அப்புறம் மாதம் ஒருமுறை. நிலைப்பட்ட பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை, மருந்து இருக்கும்வரை. வெள்ளணு திடீரென இறங்குவதுதான் பயம். தலைமுடி கொத்தாக உதிர்ந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம், அன்றே சி.பி.சி. எடுக்கச் சொல்லுங்கள். என்.யு.டி.டி.15 என்ற மரபணுப் பரிசோதனையை முன்பே எடுத்தால் இந்த ஆபத்து யாருக்கு அதிகம் என்று தெரியும். செலவைத் தாங்கக்கூடியவர்களுக்கு டாக்டரிடம் நினைவூட்டுங்கள்.

ஒரு பொறி: யூரிக் ஆசிட்டுக்கு வேறொரு டாக்டர் அலோப்யூரினால் அல்லது ஃபெபுக்ஸோஸ்டாட் எழுதிவிடுவார். அசாத்தியோபிரினோடு அது சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையே படுத்துவிடும். வேறு எங்கே புது மாத்திரை வாங்கினாலும் முதலில் உங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமின் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியாட்டினின், வருடத்துக்கு ஒருமுறையாவது. ஸ்டெராய்டு வாரங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும், கூடவே கால்சியம் மாத்திரை. முகம் வீங்குகிறது என்று ஸ்டெராய்டை ஒரே நாளில் நிறுத்திவிடும் இளம்பெண்கள் நிறைய. படிப்படியாகக் குறைக்கும் தேதிகளைத் தமிழில், காலண்டர் போலக் கட்டம் போட்டு எழுதிக் கொடுங்கள்.

குடல் அழற்சியைக் காட்டும் மலக் கால்ப்ரோடெக்டின் பரிசோதனை தனியார் லேபில் ஆயிரத்துக்கு மேல் ஆகும். 50க்குக் கீழ் இருந்தால் நிம்மதி, 250க்கு மேல் போனால் பெரும்பாலும் நோய் கிளம்பியிருக்கிறது. வலி மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் இந்த எண் ஏறும், அதனால் அதைக் கேட்காமல் காசைச் செலவழிக்க விடாதீர்கள்.

6. பயாலஜிக் ஊசிக்கு முன்

பயாலஜிக் என்ற வகையைச் சேர்ந்த, நோயெதிர்ப்பை அடக்கும் ஊசிகளான இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் இரண்டும் தூங்கிக்கிடக்கும் டி.பி.யை எழுப்பிவிடக்கூடும். மார்பு எக்ஸ்ரே, டி.பி.க்கான மாண்டூ தோல் பரிசோதனை அல்லது ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தப் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகிய எல்லா முடிவுகளும் கோப்பில் இருக்க வேண்டும். மறைந்த டி.பி. இருந்தால் அதற்கு மருந்து தொடங்கி வழக்கமாக ஒரு மாதமாவது ஆன பிறகே ஊசி. ஆக, டாக்டர் ஊசி என்று முடிவெடுத்த நாளிலிருந்து முதல் டோசுக்குச் சில வாரங்கள் ஆகும் என்று குடும்பத்திடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தினமும் போன் வரும்.

சின்னம்மை, தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை இந்த மருந்துகள் ஓடும்போது போடக் கூடாது. போட வேண்டுமென்றால் முன்பே டாக்டரிடம் பேசி முடிக்க வேண்டும்.

7. ஊசி நாள்

இன்ஃப்ளிக்ஸிமாப் ஒரு கிலோவுக்கு 5 மி.கி., 0, 2, 6ஆவது வாரங்களில், அப்புறம் 8 வாரத்துக்கு ஒருமுறை. குப்பி 100 மி.கி. அளவில் வருகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு மூன்று குப்பி. எடையை அன்றே பாருங்கள்.

நோயாளியை முழுதாகப் பார்த்து முடிக்கும்வரை குப்பியைத் திறக்கவே கூடாது. காய்ச்சல், இருமல், சீழ்க்கட்டி ஏதாவது இருந்தால் டாக்டர் அன்று வேண்டாம் என்பார். கலக்கிய மருந்தைத் திருப்பித் தர முடியாது, பல ஆயிரம் ரூபாய் அப்படியே போய்விடும். காலையில் நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கலக்கி வைக்கும் பழக்கம் எந்த வார்டிலிருந்தாலும் நிறுத்துங்கள்.

ஒவ்வொரு குப்பிக்கும் 10 மி.லி. ஊசி நீர், குலுக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும். பிறகு 250 மி.லி. நார்மல் சலைனில் மட்டும். குளுக்கோஸ் கூடாது. வடிகட்டி உள்ள செட், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். கலக்கிய 3 மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்குங்கள். அட்ரினலின், ஹைட்ரோகார்ட்டிசோன், அவில், ஆக்சிஜன் எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில். மூச்சு இறுக்கமோ தடிப்போ வந்தால் முதலில் டிரிப்பை நிறுத்துங்கள், அப்புறம் டாக்டரைக் கூப்பிடுங்கள். முடிந்த பின்னும் ஒன்று இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்து அனுப்புங்கள்.

8. பணம்

இதில்தான் பாதிப் பேர் சிகிச்சையை விடுகிறார்கள். முதல் சந்திப்பிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டா? தனியார் பாலிசி உண்டா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, குடும்பத்தாரின் ஆதார், வருமானச் சான்றிதழ் தேவை. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், வருவாய்த் துறை விசாரித்துக் கொடுக்கச் சில நாட்கள் ஆகும். அப்புறம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு. ஸ்கோப் முடிவு வந்த அன்றே இதைத் தொடங்கச் சொல்லுங்கள். அட்மிட் ஆன பிறகு ஓடினால் வீட்டில் ஆள் இருக்காது.

எந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்கும் என்பதை உங்கள் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகக் கேட்டு, பதிலைக் கோப்பில் எழுதுங்கள். "போன தடவை ஒருத்தருக்குக் கிடைச்சது" என்பதை நம்பித் தேதி கொடுக்காதீர்கள்.

தனியார் பாலிசியில் ஊசிக்கு "24 மணி நேரம் அட்மிட் ஆகவில்லை" என்று மறுப்பார்கள். அங்கே விட்டுவிட வேண்டாம். மோனோக்ளோனல் ஆன்டிபாடி ஊசியை (இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் இந்த வகைதான்), காப்பீட்டிலிருந்து ஒதுக்கிவைக்கக் கூடாத நவீன சிகிச்சைகளில் ஒன்றாகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் பட்டியலிட்டது. உச்சவரம்பு இருக்கலாம், ஆனால் இந்தப் பட்டியலைக் குறிப்பிட்டு டாக்டர் கடிதத்தோடு மறுபடி எழுதச் சொல்லுங்கள். பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய் என்றால் காத்திருப்புக் காலம் 3 வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் 2024 முதல் விதி. நோயை மறைத்துப் பாலிசி எடுத்தால் பின்னால் எல்லாமே போகும். அதை அழுத்திச் சொல்லுங்கள்.

மாத்திரைகளுக்கு மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் இருப்பு விசாரிக்கச் சொல்லுங்கள். இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் இரண்டிலும் இந்தியாவில் தயாராகும் பயோசிமிலர் (மூல மருந்தைப் போலவே செய்த மருந்து) உண்டு, விலை குறைவு. எந்தப் பிராண்ட், எந்த பேட்ச் என்று ரிஜிஸ்டரில் எழுதுங்கள்.

9. ஏற்காட்டிலிருந்தும் தறிக்கூடத்திலிருந்தும் வருபவர்கள்

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவசரமாகப் போக வேண்டிய நோயாளிக்கு அந்த பஸ் பயணம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நோய் கிளம்பியிருக்கும்போது பலர் கிளம்பவே பயந்து ஓ.பி.யை விட்டுவிடுகிறார்கள். ரத்தம், டாக்டர், ஊசி மூன்றையும் ஒரே நாளில் முடித்துக்கொடுங்கள். நேரத்தைக் காலை பத்து மணிக்குப் பிறகு வையுங்கள். மே மாதக் கோடை விழா, தொடர் விடுமுறை நாட்களில் மலைப்பாதை வண்டிகளால் அடைத்துக்கொள்ளும், அந்தத் தேதிகளில் ஊசி போடாதீர்கள். காபிப் பழம் பறிக்கும் குளிர் மாதங்களில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் கூலியை விட்டு வர மாட்டார்கள். சீசனுக்கு முன்பே தேதியைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சி.பி.சி.யை மட்டும் மலையிலேயே அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடுக்க முடியுமா என்று டாக்டர் கடிதத்தோடு கேட்கச் சொல்லலாம்.

கொலனோஸ்கோபிக்குக் குடிக்கும் பேதி மருந்தை மலையில் குடித்துவிட்டுக் காலையில் பஸ் ஏறச் சொல்வது கொடுமை. முதல் நாளே சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கவோ, அட்மிட் ஆகவோ ஏற்பாடு செய்யுங்கள்.

அடலிமுமாப் ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்பவர்களுக்கு: ஊசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். பெட்டியில் ஐஸ் பாக்கெட், நடுவில் துணி, ஊசி ஐஸில் படக் கூடாது. உறைந்த ஊசியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு ஒட்டி வைக்க வேண்டாம். மழையில் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் உங்களுக்குப் போன் செய்யட்டும்.

அம்மாப்பேட்டை, குகை பக்கம் தறியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஷிப்டின் நடுவே எழுந்து போவதுதான் பிரச்சினை. "மருத்துவக் காரணத்தால் இவரைக் கழிப்பறைக்கு உடனே அனுமதிக்கவும்" என்று டாக்டர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள். நோயின் பெயர் அதில் இருக்கத் தேவையில்லை.

10. கல்யாணமும் கர்ப்பமும்

இதை டாக்டரிடம் கேட்கமாட்டார்கள், உங்களிடம்தான் கேட்பார்கள், அதுவும் அம்மா வெளியே போன பிறகு. பெண்ணைத் தனியாக உட்கார வைத்து ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மெசலமின், அசாத்தியோபிரின் இரண்டையும் கர்ப்பத்தில் பொதுவாகத் தொடரலாம், நோய் கிளம்புவதுதான் குழந்தைக்கு அதிக ஆபத்து. மெத்தோட்ரெக்ஸேட் கூடவே கூடாது, டோஃபாசிடினிப்பும் தவிர்க்க வேண்டியது. அதனால் குழந்தைக்குத் திட்டமிடுவதற்குச் சில மாதங்கள் முன்பே சொல்ல வேண்டும். ஆண்களில் சல்ஃபாசலசின் விந்தணுவைக் குறைக்கும், மருந்தை மாற்றினால் திரும்பச் சரியாகும். குழந்தையில்லை என்று மனைவியை மட்டும் டாக்டர் டாக்டராக அலையவிடும் வீடுகளில் இந்த ஒரு தகவல் பெரிய உதவி.

11. நீங்கள் லீவில் போகும்போது

இன்னொரு சிஸ்டரை முதல் மாதத்திலிருந்தே கூட உட்கார வையுங்கள். லீவுக்கு முந்தின நாள் ரிஜிஸ்டரில் மூன்று பெயர்களைக் குறித்துக் கொடுங்கள்: யாருக்கு இந்த வாரம் ஊசி, யாருக்கு ரத்த முடிவு வர வேண்டும், யார் போன் செய்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். போனையும் சார்ஜரையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த நாட்களில் உங்கள் சொந்த நம்பருக்கு நோயாளி அழைத்தால், மேசை நம்பரைச் சொல்லி அங்கே பேசச் சொல்லுங்கள்.